அடுத்த வாரமும் வருவீங்களா?

கேள்வி கேட்டவர் ஒரு சகோதரி. நீளமாக எழுதியிருந்தார், சாரத்தை மட்டும் தருகிறேன். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. கணவர், இரண்டு பிள்ளைகள், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியார், மியன்மாரிலிருந்து வந்த பணிப்பெண். ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் சபையாரோடு வெளிநாட்டு ஊழியர் விடுதிக்குப் போய் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டு வருவார். "ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு யார்மேலும் அன்பு பொங்கவில்லை. மாமியாருக்குச் செய்வதெல்லாம் கடமைக்கு. பணிப்பெண்ணிடம் எரிந்து விழுகிறேன். ஆபீசில் என் பெயரைக் கெடுத்தவளைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. இதில் கிறிஸ்தவ அன்பு எங்கே இருக்கிறது? நான் நடிக்கிறேனா?" என்று கேட்கிறார்.

நான் பாஸ்டர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சண்டே ஸ்கூலில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த இரண்டு இடத்திலும் கற்றதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நடிப்பு இல்லை, சகோதரி. ஏன் இல்லை என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதிச் சிக்கல் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் அன்பு வேறு, அருள் வேறு. பெற்றவர், பிள்ளை, சொந்தபந்தம் மேல் வருவது அன்பு. முன்பின் தெரியாத உயிர்மேலும் போய் நிற்பது அருள். வள்ளுவர் இரண்டையும் தனித்தனியே வைத்தார்: அன்புடைமை 8-ஆம் அதிகாரம், இல்லறவியலில். அருளுடைமை 25-ஆம் அதிகாரம், துறவறவியலில். நம் வேதாகமத் தமிழோ இரண்டையும் 'அன்பு' என்ற ஒரே பானையில் போட்டுவிட்டது. அதனால் பிரசங்கத்தில் "பிறனில் அன்புகூரு" என்று கேட்டதும், மகள்மேல் பொங்குகிற அதே பாசம் பக்கத்து வீட்டுக்காரர்மேலும் பொங்கவேண்டும் என்று எடுத்துக்கொள்கிறோம். பொங்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி.

அந்தக் கட்டளை முதலில் வருகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், 18-ஆம் வசனம்: "உன்னைப்போல் பிறனிலும் அன்புகூருவாயாக." அதற்கு முன்னால் இருக்கிற பத்து வசனத்தில் உணர்ச்சியைப் பற்றிப் பேச்சே குறைவு. அறுவடையில் வயலோரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவை. கூலிக்காரன் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே. செவிடனைத் திட்டாதே, குருடன் காலடியில் தடுக்கலை வைக்காதே. தீர்ப்பில் ஏழை பணக்காரன் பார்க்காதே. எல்லாம் கையால், காலால், பணத்தால் செய்கிற காரியங்கள். பழிவாங்காதே, மனதில் பகை வைக்காதே என்பதெல்லாம் கடைசியில்தான். இந்தப் பட்டியலை முடிக்கிற இடத்தில்தான் 'அன்பு' என்ற சொல் வருகிறது. அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே, 34-ஆம் வசனத்தில், அந்நியனுக்கும் அதுதான் சட்டம் என்று இருக்கிறது. காரணமும் சொல்லியிருக்கிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள். தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே 'கடமைக்குச் செய்கிறேன்' என்று தலைகுனிய வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் கடமைதான்.

சரி, அப்படியானால் மனம் வேண்டாமா, இயந்திரம்போல் செய்தால் போதுமா என்று கேட்பீர்கள். வேண்டும். அது எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். நீங்கள் 'வயிறு எரிகிறது' என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கிருந்தே தொடங்கலாம். லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் நல்ல சமாரியன் கதை தெரியும்தானே: கள்ளர் அடித்து வழியில் போட்ட ஒருவனை, கோயில் பணி செய்கிற ஆசாரியனும் லேவியனும் கடந்து போகிறார்கள்; யூதர் ஒதுக்கிவைத்த சமாரியரில் ஒருவன் நின்று, காயம் கட்டி, சத்திரத்தில் சேர்க்கிறான். அங்கே அவன் அடிபட்டவனைக் கண்டு 'மனதுருகி' என்று நாம் வாசிக்கிறோம். ஓஃபிர் ரோட்டில் 1888-இல் கட்டி முடித்த லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிற நம் கத்தோலிக்க நண்பர்கள் கையில் இருக்கும் விவிலியத்தில் அதே இடம் 'பரிவு கொண்டார்' என்று இருக்கும். இரண்டும் நல்ல தமிழ். ஆனால் லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் இவ்வளவு பதமானது இல்லை. 'ஸ்பிளாங்னா' என்றால் ஈரல், குடல் என்று உடம்புக்குள் கிடக்கிற உறுப்புகள். அதிலிருந்து பிறந்த வினைச்சொல்தான் அங்கே இருக்கிறது. நம் அம்மாமார் 'அடிவயிறு கலங்கிப்போச்சு' என்பார்களே, அதுதான் அதற்குக் கிட்டத்தில் நிற்கிற தமிழ். எரிகிற வயிறும் கலங்குகிற வயிறும் ஒரே வயிறுதான் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

லூக்கா தன் சுவிசேஷத்தில் அந்த வினையை மூன்றே இடத்தில் பயன்படுத்துகிறார். நாயீன் ஊரில் ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையின்மேல் இயேசுவுக்கு. அடிபட்டவன்மேல் சமாரியனுக்கு. ஓடிப்போன மகன் திரும்பி வரும்போது தகப்பனுக்கு. மூன்றிலும் முதலில் பார்க்கிறார்கள், அப்புறம்தான் வயிறு கலங்குகிறது. ஆனால் ஆசாரியனும் லேவியனும்கூடப் பார்த்தார்கள்! "அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்" என்றுதான் இருக்கிறது. சமாரியனைப் பற்றி மட்டும் "கிட்ட வந்து" என்று ஒரு சொல் வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வருவது வேறு, கிட்டப் போனால் வருவது வேறு.

வார்டில் இதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் நாள் படுக்கைப் புண் உள்ள நோயாளியின் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். வாடை அப்படி. முகத்தில் அருவருப்பு தெரியும், அதை மறைக்கப் படுகிற பாடும் தெரியும். நான் அவர்களிடம் இரக்கப்படச் சொன்னதில்லை. "இந்தப் பக்கம் வா, தோளைப் பிடி, நான் இடுப்பைப் பிடிக்கிறேன்" என்பேன். தாத்தாவை இடப்பக்கம் புரட்டும்போது அவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அந்தப் பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். விரல் எலும்பு பதியும். முதுகுக்குத் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்து, போர்வையைச் சரிசெய்த பிறகும் சிலர் அந்தக் கையை விடமாட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே பிள்ளை, "அண்ணே, பன்னிரண்டாம் நம்பர் தாத்தா இன்னிக்குச் சரியாவே சாப்பிடலை" என்று என்னிடம் வந்து நிற்கும். அந்தக் கவலையை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மாமியாருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒருமுறை புரட்டுவது பெரிய காரியம் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் வருவதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது உங்களுக்கு அன்பு பொங்காது, தூக்கம்தான் பொங்கும். எழுந்து போகிறீர்கள் அல்லவா? உங்கள் கேள்விக்கு நான் தேடிய பதில் அந்த 'மறுபடியும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

சமாரியன் கதையில் பிரசங்கிமார் அதிகம் தொடாத கடைசிப் பகுதியைப் பாருங்கள். மறுநாள் அவன் புறப்படும்போது சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கிறான். மூலத்தில் அது இரண்டு தெனாரியம். மத்தேயுவில் வரும் திராட்சத்தோட்டக் கதையின்படி ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக இரண்டு நாள் சம்பளம். அதைவிட முக்கியம் அடுத்து அவன் சொல்வது: "நான் திரும்பி வரும்போது அதை உனக்குத் தருவேன்." திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் செய்ததிலேயே கஷ்டமானது அதுதான் என்பது என் எண்ணம். எண்ணெய் ஊற்றிக் கட்டுப்போடுவது அந்த நேரத்து வேகத்தில் நடந்துவிடும்.

எனக்கு இது உறைத்தது ஒரு அவமானத்தில். பல வருடம் முன்பு, ஒரு சபையாரோடு லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஞாயிறு மாலை சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போயிருந்தோம். ஒரே நிறத்தில் டீசட்டை, பேனர், கேமரா எல்லாம் உண்டு. புல்தரையில் உட்கார்ந்திருந்த ஒரு ஊழியர், அறந்தாங்கிப் பக்கம் என்று சொன்னார், வலது கையில் பெரிய கட்டு. பொட்டலத்தை இடது கையால் வாங்கிக்கொண்டார். படம் எடுத்தோம். நான் நகரும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்: "அண்ணே, அடுத்த வாரமும் வருவீங்களா?" நான் சிரித்து மழுப்பினேன். அடுத்த வாரம் எங்களுக்கு வேறு நிகழ்ச்சி. அவர் சாப்பாட்டுக்காகக் கேட்டார் என்று அப்போது நினைத்தேன். பாதிதான் சரி. வலது கை உதவாததால் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை அவரால் பிரிக்க முடியவில்லை. அதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

அந்த நிலைமை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலையில் அடிபட்டு, இழப்பீட்டு விவகாரம் முடியாமல் சிறப்பு அனுமதியில் இங்கே தங்கியிருக்கிற ஊழியர் பொதுவாக வேலைக்குப் போக முடியாது. விவகாரம் முடியும்வரை காத்திருக்கவேண்டும். ஊரில் கடன் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இவர்களுக்காக 2008 முதல் லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் இலவசச் சாப்பாடு போட்டு வருகிறது, வெளிநாட்டு ஊழியர் நலனுக்காக இயங்கும் டிடபிள்யூசி2 அமைப்பு. சாப்பிட வருகிறவரிடம் பேச்சுக் கொடுத்து வழக்கு என்ன ஆயிற்று என்றும் விசாரிப்பார்கள். அது கிறிஸ்தவ அமைப்பு இல்லை. சமாரியனும்தான் நம் ஆள் இல்லை! ஒரே ஒரு நாள் பேனரோடு போன எங்களைவிட, ஒவ்வொரு வாரமும் அங்கே இருந்தவர்கள்தான் அந்தக் கதைக்குக் கிட்டத்தில் இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம் பக்கத்திலும் உண்டு. 2006-இல் தொடங்கிய ஹெல்த்சர்வ், கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்து பிறந்தது, ஊழியர்களுக்குக் குறைந்த செலவில் மருத்துவம் பார்க்கிறது. அங்கேயும் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்குத் தேவை தொடர்ந்து வருகிற ஆள்.

இதில் ஒரு சின்னக் கோபம் எனக்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். பொட்டலத்துக்குள் சுவிசேஷக் கைப்பிரதி வைத்துக் கொடுக்கிற பழக்கம். பசியில் இருப்பவன் எதையும் வாங்கிக்கொள்வான். அதை நாம் விசுவாசம் என்று கணக்கு எழுதிக்கொள்வது சரியில்லை. பல மதத்தினர் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிற ஊர் இது. உங்கள் நம்பிக்கையைப் பற்றி அவராகக் கேட்டால் சொல்லுங்கள், மறைக்கவேண்டாம். சோற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

பணிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். எரிந்து விழுவதை நிறுத்த ஜெபியுங்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் லேவியராகமத்து வரிசைப்படி போனால் முதலில் கேட்கவேண்டியது வேறு. சம்பளம் தேதி தவறாமல் போகிறதா? ஓய்வு நாள் கிடைக்கிறதா? 2013-இலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது விதி. அதைப் பணமாகக் கொடுத்து ஈடுகட்டும் வழக்கம் பரவியதால், 2023 முதல் மாதம் ஒரு நாளையாவது கட்டாயம் ஓய்வாகவே விடவேண்டும் என்று ஆக்கினார்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று அந்த மற்ற மூன்று ஞாயிறுகளையும் பணத்தால் வாங்குகிற வீடுகள் நம் சபைகளிலும் நிறைய. ஞாயிறு ஓய்வுநாளைப் பற்றிப் பாட்டுப் பாட நாம் போகும்போது, வீட்டில் ஒருத்தி ஓய்வில்லாமல் இருக்கிறாள். உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது. இருந்தால் சரிசெய்யுங்கள். தூக்கமில்லாத இரண்டு பெண்கள் ஒரு சமையலறையில் நின்றால் எரிச்சல்தான் வரும், அதற்குப் பிசாசைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கும் மாதம் ஒரு ஞாயிறாவது, முடிந்தால் இரண்டு, உங்களுக்கும் ஒரு நாள். இதைச் சொன்னதும் 'நான் ஓய்வெடுத்தால் அது சுயநலம் இல்லையா' என்று கேட்கிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சமாரியன் சத்திரத்திலேயே தங்கிவிடவில்லை. ஒரு ராத்திரி கூடவே இருந்து பார்த்துக்கொண்டான், விடிந்ததும் தன் வேலையைப் பார்க்கப் போனான். சத்திரக்காரனை நம்பி ஒப்படைத்தான், அதற்குக் கூலியும் கொடுத்தான். எல்லாவற்றையும் தானே சுமந்தால்தான் அன்பு என்று அந்தக் கதை சொல்லவில்லை. பகல்நேரப் பராமரிப்பு நிலையம், கணவரின் தங்கை, சபையில் யாராவது ஒரு அக்கா என்று உங்களுக்கும் ஒரு சத்திரக்காரர் வேண்டும். கணவரிடம் ராத்திரி இரண்டு மணி முறையை வாரத்தில் பாதி நாள் ஒப்படையுங்கள். அவருக்குத்தான் அம்மா.

ஆபீஸ்காரி. இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அவளைப் பிடிக்கவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" என்று ரோமர் நிருபம் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அவள் செய்தது தப்பு என்றால் மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள், அது அன்புக்கு விரோதம் இல்லை. ஆனால் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்கும்போது அவளுடைய அரை நாள் வேலையை ஏற்றுக்கொள்ள முடிகிறதா பாருங்கள். வயிறு எரிந்துகொண்டே செய்தாலும் பரவாயில்லை.

தப்பைத் தப்பு என்று சொல்லிக்கொண்டே கிட்டப் போவது எப்படி என்பதற்கு நம் ஊரிலேயே ஒருவர் உண்டு. சிஸ்டர் ஜெரார்ட் ஃபெர்னாண்டஸ், நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரி. 1977-இல் கத்தோலிக்கச் சிறை ஊழியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தூக்குத்தண்டனைக்குக் காத்திருந்த 18 பேரோடு கடைசிவரை கூடவே நடந்தவர். 2019-இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அவர் பார்க்கப் போனவர்களில் ஒருத்தி, தோ பாயோவில் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற பெண். ஊரே கொதித்த வழக்கு அது. அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கையெல்லாம் நடுங்கும். அவளைப் போய்ப் பார் என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். சிஸ்டர் போனார். செய்ததை நியாயப்படுத்தாமல், வருடக்கணக்கில், அவள் 1988-இல் தூக்கிலிடப்படும்வரை திரும்பத் திரும்பப் போனார். உங்களையோ என்னையோ யாரும் அவ்வளவு கேட்கவில்லை.

நாம் இருக்கிற அளவில், புளோக்கின் கீழே துக்க வீடு நடக்கும்போதே இது தொடங்குகிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி இறந்துவிட்டார், கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள், ஊதுபத்தி பிடிக்கச் சொல்வார்களோ என்று பயந்து நம்மவர்கள் பின்பக்க மின்தூக்கியில் போய்விடுகிறார்கள். பக்கமாய் விலகிப்போவது என்றால் இதுதான்! ஊதுபத்தி வேண்டாம் என்றால் தலைகுனிந்து நின்றால் போதும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகை வைத்துக் கொடுத்துவிட்டு, வறுத்த கடலையோடு பத்து நிமிடம் உட்காருங்கள். கூடாரம் பிரித்து இரண்டு வாரம் ஆனபிறகு தாத்தா தனியாகக் காப்பிக்கடையில் இருப்பார். அப்போதும் ஒருமுறை உட்காருங்கள்.

கடைசியாக, இந்த வருடமும் கிறிஸ்துமஸ் பொட்டலம் கொடுக்கப் போகவா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள், பிரியாணியைக் குறை சொல்ல நான் யார். 2020-இல் கொரோனாவால் ஊழியர் விடுதிகளை அடைத்தபோது நான் தொலைபேசியில் பேசிய தம்பிமார் சாப்பாட்டைவிடக் கேட்டது டாப் அப் கார்டு, அம்மாவிடம் வீடியோவில் பேச. அதையும் இரண்டு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். புறப்படும் முன் ஜனவரி இரண்டாவது ஞாயிற்றுக்கு நாள்காட்டியில் ஒரு வட்டம் போடுங்கள். டிசம்பரில் யாரிடமாவது பெயரும் ஊரும் கேட்டுவைத்தால், ஜனவரியில் அவரைத் தேடிப் போகலாம். அன்றைக்கு டீசட்டையும் கேமராவும் இருக்காது, வேனும் இருக்காது, பேருந்தில்தான் போகவேண்டியிருக்கும். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன். கத்தரிக்கோல் ஒன்றும் கொண்டுவருவேன், ரப்பர் பேண்டை அறுக்க.